மேகத்துளிகளை அளக்கும் விமானக் கருவிகள்: அளவீட்டைச் சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆகஸ்ட் மாதத்தில் தொட்டபெட்டாவின் உச்சியில், 2,637 மீட்டர் உயரத்தில், பத்து நிமிடம் நின்றவருக்கு மேகம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மழை பெய்யாது, ஆனாலும் கம்பளிச் சட்டையின் இழைகளில் நுண்ணிய முத்துகள் கோத்து நிற்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு மலையை மூடிய மேகமாகத் தெரிவது, குன்னூர்க்காரருக்குத் தெருவை மறைக்கும் மஞ்சு. இரண்டும் ஒன்றே. அதில் மிதக்கும் துளிகள் பெரும்பாலும் 5 முதல் 30 மைக்ரோமீட்டர் விட்டம் கொண்டவை. ஒரு கனசென்டிமீட்டருக்கு 300 துளிகள், ஒவ்வொன்றும் 15 மைக்ரோமீட்டர் விட்டம் என்று கொண்டால், ஒரு கனமீட்டர் காற்றில் இருக்கும் நீர் ஏறத்தாழ அரை கிராம் மட்டுமே.

இத்துளிகளை விமானத்தின் இறக்கையடியில் பொருத்திய கருவிகளால் அளக்கிறார்கள். புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2009-இல் தொடங்கிய மேக-தூசுத்துகள் ஆய்வுப் பறத்தல்களுக்குப் பிறகு, இத்தகைய தரவுகள் நம் மாணவர்களின் கைக்கும் வரத் தொடங்கியுள்ளன. எண்கள் அழகாக, ஒவ்வொரு நொடிக்கும் ஒரு வரியாக, தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்களோடு வருகின்றன. அந்த மூன்று இலக்கங்களில் எத்தனையை நம்பலாம் என்று தாமே கண்டறிய விரும்பும் இயற்பியல் மாணவருக்காக இதை எழுதுகிறேன். துளியை எண்ணுவது எளிது. எவ்வளவு காற்றில் எண்ணினோம் என்பதை அறிவதுதான் கடினம். கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் இந்தக் கடினத்தைத் தீர்ப்பதற்கானவையே.

படி 1: உங்களுக்குத் தேவையான அளவு எது என்று முடிவு செய்யுங்கள்

துளிகளின் எண்ணிக்கை, துளிகளின் விட்டம், ஒரு கனமீட்டர் காற்றிலுள்ள நீரின் எடை ஆகிய மூன்றும் ஒரே கருவியிலிருந்து கிடைத்தாலும் மூன்றின் பிழையும் ஒன்றல்ல. நீரின் எடை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், 15 மைக்ரோமீட்டர் துளியைக் கருவி 16.5 என்று காட்டினால், அதாவது 10 சதவீதம் மிகுத்துக் காட்டினால், நீரின் எடை 33 சதவீதம் கூடிவிடும். எண்ணிக்கையில் வரும் 10 சதவீதப் பிழையோ நீரின் எடையிலும் 10 சதவீதமாகவே நிற்கும்.

மேகம் ஒளியைச் சிதறடிக்கும் தன்மையைக் கணக்கிடுபவர்கள் பயன்படுத்தும் பயனுறு ஆரம் இன்னொரு வகை. அது ஆரத்தின் மும்மடிகளின் கூட்டுத்தொகையை இருமடிகளின் கூட்டுத்தொகையால் வகுப்பது. ஆகவே, எவ்வளவு காற்றை அளந்தோம் என்பதில் உள்ள தவறு மேலும் கீழும் ஒன்றாக வந்து அடிபட்டுப் போகிறது. உங்கள் ஆய்வுக்குப் பயனுறு ஆரம் மட்டுமே போதுமென்றால் பின்வரும் படிகளில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. மழை உருவாவதை ஆராய்பவருக்கு அந்தச் சலுகை இல்லை.

படி 2: கருவி எதைப் பார்க்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்

இன்று மிகுதியாகப் பயன்படுவது முன்னோக்கிய ஒளிச்சிதறலைக் கொண்டு அளக்கும் வகை. கருவியிலிருந்து இரண்டு கைகள் முன்னோக்கி நீண்டிருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு லேசர் கற்றை செல்லும். துளி அதைக் குறுக்கே கடக்கும்போது ஏறத்தாழ 4 முதல் 12 பாகைக் கோணத்துக்குள் முன்னோக்கிச் சிதறும் ஒளியைக் கருவி திரட்டுகிறது. அமெரிக்காவின் போல்டர் நகரில் 1970-களில் உருவான முதல் தலைமுறைக் கருவி 632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசரைப் பயன்படுத்தியது. அடுத்து வந்த சிறிய கருவிகள் 658 நானோமீட்டர் டயோடு லேசரைக் கொண்டு 2 முதல் 50 மைக்ரோமீட்டர் வரையுள்ள துளிகளை 30 அளவுப் பிரிவுகளில் எண்ணுகின்றன.

திரட்டிய ஒளி இரண்டு டிடெக்டர்களுக்குப் பிரிந்து செல்கிறது. ஒன்று துளியின் அளவைச் சொல்கிறது. மற்றொன்றின் முன்னால் குறுகிய திறப்புள்ள மறைப்பு இருப்பதால், துளி சரியான குவியத்தில் கடந்ததா என்பதை அது சொல்கிறது. குவியத்தில் கடந்த துளி மட்டுமே கணக்கில் சேரும். இந்த ஏற்பாட்டினால் லேசர் கற்றையின் முழு நீளமும் அல்லாமல், ஏறத்தாழ கால் சதுர மில்லிமீட்டர் பரப்பு மட்டுமே உண்மையில் அளக்கிறது. அதையே மாதிரிப் பரப்பு என்கிறோம்.

விமானம் நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் பறந்தால், 0.25 சதுர மில்லிமீட்டர் பரப்பின் வழியே ஒரு நொடியில் செல்லும் காற்று 25 கனசென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டி கொள்ளும் அளவு அது. நூறு மீட்டர் நீளமுள்ள மேகத்துக்குப் பிரதிநிதியாக நமக்குக் கிடைப்பது ஒரு தீப்பெட்டிக் காற்று. அதிலும் 7,500 துளிகள் இருக்கும் என்பதால், எண்ணிக்கையின் தற்செயல் ஏற்ற இறக்கம் 1 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். அந்தச் சிறிய எண்ணைப் பார்த்து நிம்மதி கொள்ளக்கூடாது. தீப்பெட்டியின் கொள்ளளவே தவறாக இருந்தால், எத்தனை நொடிகளைச் சராசரி எடுத்தாலும் அந்தத் தவறு குறையாது.

படி 3: கண்ணாடியைத் துடையுங்கள்

இது சிறிய படி, ஆனால் விடக்கூடாதது. ஒவ்வொரு பறத்தலுக்கு முன்னும் பின்னும் கைகளின் முனையிலுள்ள ஒளிச்சாளரங்களை லென்ஸ் தாளாலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலும் துடைத்து, துடைத்த நேரத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். மலையில் வைத்து இயக்கிய ஒரு கருவியின் தரவை நாங்கள் ஒருமுறை பகுப்பாய்வு செய்தபோது, காலை 9 மணிக்குப் பின் துளிகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருந்தது. வறண்ட காற்று மேகத்தில் கலந்ததால் அவ்வாறு ஆயிற்று என்று இரண்டு பக்கம் விளக்கமும் எழுதிவிட்டோம். பிறகு கருவியைக் கழற்றியபோது, சாளரத்தின் நடுவில் ஒரு துளி உலர்ந்து விட்டுச்சென்ற வெள்ளை வளையம், மிளகு அளவுகூட இல்லாதது, அப்படியே ஒட்டியிருந்தது. அன்று முதல், லேசரின் ஒளிச்செறிவைக் காட்டும் துணை எண்ணைப் பார்க்காமல் நான் எந்தத் தரவையும் தொடுவதில்லை.

படி 4: விட்டத்தைக் கண்ணாடி மணிகளால் சரிபாருங்கள்

அளவு தெரிந்த நுண்கண்ணாடி மணிகளைக் காற்றோடு சேர்த்து லேசர் கற்றையின் வழியே செலுத்தி, அவை எந்தப் பிரிவில் விழுகின்றன என்று பார்ப்பது வழக்கம். 15, 20, 30, 40 மைக்ரோமீட்டர் என நான்கு அளவுகளாவது வேண்டும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, நீருடையது 1.33. ஆகவே, ஒரு கண்ணாடி மணி தன்னைவிடச் சற்றுச் சிறிய நீர்த்துளியின் இடத்தில் விழும். இந்த மாற்றத்தைச் செய்யாமல் மணியின் விட்டத்தையே நீர்த்துளியின் விட்டமாக எடுத்துக்கொண்ட அட்டவணைகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் நீரின் எடை முழுவதும் பிழையாகிப் போயிருந்தது.

இன்னொரு சிக்கல் இயற்கையிலேயே உள்ளது. கோளவடிவத் துகள் ஒளியைச் சிதறடிக்கும் விதத்தைக் குஸ்தாவ் மீ 1908-இல் கணித்துக் காட்டினார். நீலகிரி மலை ரயில் ஊட்டியை எட்டிய ஆண்டும் அதுவே. அக்கணிதத்தின்படி, துளி பெரிதாகப் பெரிதாகச் சிதறும் ஒளி சீராகக் கூடுவதில்லை; சுமார் 10 மைக்ரோமீட்டருக்குக் கீழே ஏறியும் இறங்கியும் நெளிகிறது. இரண்டு வெவ்வேறு விட்டங்கள் ஒரே ஒளியைத் தரக்கூடும். அப்பகுதியில் துளிகளின் பரவலில் இரட்டை முகடு தெரிந்தால், புதிய கண்டுபிடிப்பு என்று மகிழ்வதற்கு முன் அருகிலுள்ள பிரிவுகளை ஒன்றாக இணைத்துப் பாருங்கள். முகடு மறைந்துவிட்டால் அது மேகத்தில் இருந்ததில்லை.

படி 5: மாதிரிப் பரப்பை அளந்து பெறுங்கள்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். தயாரிப்பாளரின் சான்றிதழில் மாதிரிப் பரப்பு என்று ஒரு எண் இருக்கும். கருவி பிறந்த நாளில் அது சரியாக இருந்திருக்கலாம். ஆனால், அதிர்வும் வெப்ப மாற்றமும் ஒளியமைப்பை இம்மியளவு நகர்த்தினாலே போதும், மறைப்பின் திறப்புக்கும் கற்றைக்கும் உள்ள பொருத்தம் மாறி, பரப்பும் மாறிவிடும். உண்மையான பரப்பு 0.20 ஆகச் சுருங்கியிருக்க, நாம் 0.25 என்றே கணக்கிட்டால், எண்ணிக்கை 20 சதவீதம் குறைவாக வரும்; நீரின் எடையும் அவ்வாறே.

அளக்கும் முறை இது: ஒரே அளவுள்ள நீர்த்துளிகளை வரிசையாகத் தெளிக்கும் துளியாக்கியை, நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை நகர்த்தக்கூடிய திருகு மேடையில் பொருத்துங்கள். துளிவரிசையைக் கற்றையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு புள்ளியிலும் நூறு துளி அனுப்பினால் எத்தனை ஏற்கப்படுகின்றன, அவை எந்த அளவாகக் காட்டப்படுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். இறுதியில் உங்களுக்கு ஒரு வரைபடம் கிடைக்கும்: நடுவில் ஏறத்தாழ எல்லாத் துளிகளும் ஏற்கப்படும் பகுதி, ஓரங்களில் பாதி மட்டும் ஏற்கப்படும் பகுதி, அதற்கும் அப்பால் துளி ஏற்கப்படாவிட்டாலும் அளவு டிடெக்டருக்கு ஒளி போய்ச்சேரும் ஒரு விரிந்த பகுதி. இந்த மூன்றாம் பகுதியை நினைவில் வையுங்கள். அது படி 6-இல் தொல்லை தரும். துளியாக்கி இல்லாதவர்கள், கடைசியாக அத்தகைய வரைபடம் எடுத்த நாளையாவது கேட்டுப் பெற வேண்டும்.

பரப்பு கிடைத்த பின் வேகம். பரப்பை எதனால் பெருக்க வேண்டும் என்பதில் ஒரு பொதுவான தவறு நடக்கிறது. கருவியைக் கடக்கும் காற்றின் வேகமே தேவை. தரையைப் பொறுத்து விமானம் செல்லும் வேகம் அல்ல. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பாலக்காட்டுக் கணவாயின் வழியே மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும். நொடிக்கு 12 மீட்டர் எதிர்க்காற்றில், காற்றைப் பொறுத்து 100 மீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்தின் தரைவேகம் 88 மீட்டர்தான். ஜிபிஎஸ் தரும் அந்த 88-ஐ எடுத்துக் கணக்கிட்டால் துளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 14 சதவீதம் மிகும். திரும்பி வரும்போது ஏறத்தாழ 11 சதவீதம் குறையும். ஒரே மேகம் போகும்போது அடர்த்தியாகவும் வரும்போது ஐதாகவும் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். இறக்கையின் அருகே காற்று வளைந்து செல்வதால் கருவியின் முனையில் உள்ள வேகம் விமானத்தின் காற்றுவேகத்திலிருந்தும் சிறிது வேறுபடும். எனவே கருவியை ஒட்டியே, காற்றின் அழுத்தத்தைக் கொண்டு அதன் வேகத்தை அளக்கும் ஒரு பிட்டோ குழாய் இருப்பது நல்லது.

அதே கருவியை மலையுச்சியில் நிறுத்திவைப்பவர்கள் விசிறியால் காற்றை உறிஞ்சிச் செலுத்துகிறார்கள். அப்போது வேகம் தெரிந்ததாகிவிடும். ஆனால் காற்று பக்கவாட்டிலிருந்து வீசினால் பெரிய துளிகள் வளைந்து உள்ளே வர இயலாமல் தப்பிவிடும். கருவியின் வாய் எப்போதும் காற்றுக்கு முகம் காட்ட வேண்டும்.

படி 6: இரண்டு துளிகள் ஒன்றாகக் கடப்பதைக் கணக்கிடுங்கள்

ஒரு துளி அளக்கப்படும் அதே கணத்தில் முன்பு சொன்ன விரிந்த பகுதியில் இன்னொரு துளி இருந்தால், இரண்டின் ஒளியும் கூடி ஒரே பெரிய துளியாகத் தெரியும், அல்லது குவியச் சோதனையில் தோற்று இரண்டுமே விடுபடும். விரிந்த பகுதி 2 சதுர மில்லிமீட்டர், கற்றையின் தடிமன் 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 0.0004 கனசென்டிமீட்டர். கனசென்டிமீட்டருக்கு 300 துளிகள் உள்ள மேகத்தில் அதற்குள் சராசரியாக 0.12 துளி இருக்கும். குறைந்தது ஒரு துளியாவது இருக்கும் வாய்ப்பு 11 சதவீதம். 600 துளிகள் உள்ள மேகத்தில் அது 21 சதவீதமாகிறது. கடல் மேல் உருவாகும் தூய மேகங்களில் துளிகள் நூறை ஒட்டியே இருப்பதால் இப்பிழை சிறிது. சமவெளியின் புகையும் தூசும் ஏறிவரும் காற்றில் உருவாகும் மேகத்தில் இதைப் புறக்கணிக்க முடியாது.

எண்ணிக்கை குறைவாகவும் விட்டம் பெரிதாகவும் வருவதால், இரண்டையும் கொண்டு கணக்கிடும் நீரின் எடை சரியாக இருப்பதுபோலவே தோன்றலாம். ஒரு தவறு மற்றொன்றை மூடி மறைக்கும் இந்த நிலையே எனக்கு மிகுந்த கவலை தருவது. ஆகவே, எண்ணிக்கை கூடும்போதெல்லாம் துளி கற்றையைக் கடக்கும் சராசரி நேரமும் நீள்கிறதா என்று வரைந்து பாருங்கள். தனித்துளி 0.2 மில்லிமீட்டரை 100 மீட்டர் வேகத்தில் கடக்க 2 மைக்ரோநொடியே ஆகும். ஒன்றை ஒட்டி இன்னொன்று வந்தால் அந்நேரம் நீளும்.

படி 7: வேறு தத்துவத்தில் இயங்கும் கருவியைத் துணைக்கு அழையுங்கள்

சூடான கம்பிக் கருவி துளியை எண்ணுவதே இல்லை. ஒரு கம்பிச்சுருளை ஒரே வெப்பநிலையில் வைத்திருக்க எவ்வளவு மின்திறன் தேவைப்படுகிறது என்று அளக்கிறது. துளிகள் மோதி ஆவியாகும்போது அந்தத் தேவை கூடுகிறது. ஆஸ்திரேலியாவில் கிங் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1978-இல் விளக்கிய வடிவம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. 2 மில்லிமீட்டர் விட்டமும் 20 மில்லிமீட்டர் நீளமும் உள்ள சுருள், 100 மீட்டர் வேகத்தில், நொடிக்கு 4 லிட்டர் காற்றைச் சந்திக்கிறது. நம் தீப்பெட்டியைப் போல் 160 மடங்கு. கனமீட்டருக்கு அரை கிராம் நீர் இருந்தால், அதைச் சூடாக்கி ஆவியாக்க ஏறத்தாழ 5 வாட் தேவை.

இதன் பெருஞ்சிறப்பு, அதன் பரப்பை வெர்னியர் அளவியால் யாரும் அளந்துவிடலாம் என்பதே. குறைகளும் உண்டு. துளியே இல்லாத வறண்ட காற்றும் கம்பியைக் குளிர்விப்பதால், மேகத்துக்குள் நுழையுமுன்பும் வெளியேறிய பின்பும் உள்ள நொடிகளைக் கொண்டு அந்தப் பங்கைக் கழிக்க வேண்டும். மிகச் சிறிய துளிகள் காற்றோடு வளைந்து கம்பியைத் தொடாமல் போகும். சுமார் 40 மைக்ரோமீட்டரைத் தாண்டியவை முழுதும் ஆவியாகுமுன் சிதறித் தெறிக்கும். சாரல் கலந்த ஜூலை மாத மேற்குச் சரிவு மேகத்தில் கம்பி குறைவாகவே காட்டும். சாரல் இல்லாத நொடிகளை மட்டும் தேர்ந்து ஒப்பிடுங்கள்.

படி 8: இரண்டையும் ஒரே தாளில் வரையுங்கள்

கிடையச்சில் கம்பி தந்த நீரின் எடை, செங்குத்து அச்சில் லேசர் கருவி தந்தது. புள்ளிகள் ஒரு நேர்க்கோட்டில் தொடக்கப் புள்ளியின் வழியே சென்று, சாய்வு மட்டும் 1 ஆக இல்லாவிட்டால், மாதிரிப் பரப்போ விட்டத்தின் அளவுத்திருத்தமோ தவறு. கண்ணாடி மணிச் சோதனை சரியாக வந்திருந்தால் பழி பரப்பின் மேல் விழும். கோடு தொடக்கப் புள்ளியைத் தவறவிட்டால், வறண்ட காற்றின் பங்கு சரியாகக் கழிக்கப்படவில்லை. துளி எண்ணிக்கை மிகும் இடங்களில் புள்ளிகள் கோட்டிலிருந்து விலகினால் படி 6-க்குத் திரும்புங்கள். துளியின் சராசரி விட்டம் பெருகும் இடங்களில் விலகினால் கம்பியில் தெறிப்பு நடக்கிறது. புள்ளிகளுக்கு எண்ணிக்கையைக் கொண்டு ஒரு முறையும், விட்டத்தைக் கொண்டு ஒரு முறையும் வண்ணமிட்டு, இரண்டு தாள்களாக எடுத்துப் பார்த்தால் கண்ணே சொல்லிவிடும்.

படி 9: மலையை அளவுகோலாகப் பயன்படுத்துங்கள்

மேகத்தின் அடியிலிருந்து மேலேறும் காற்று வெளிக்காற்றோடு கலக்காமல் இருந்தால் எவ்வளவு நீர் ஒடுங்கும் என்பதை வெப்ப இயக்கவியல் தருகிறது. நம் பகுதியின் வெப்பமான மேகங்களில் அது ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குக் கனமீட்டருக்குச் சுமார் 2 கிராம். இது உச்சவரம்பு, கலப்பும் மழையும் அதைக் குறைக்குமே தவிரக் கூட்டுவது அரிது. இதைப் பயன்படுத்த மேகத்தின் அடி எந்த உயரத்தில் உள்ளது என்று தெரிய வேண்டும். நமக்கு அது எளிது. வடகிழக்குப் பருவமழை நாளில் கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை ஏறும்போது, எந்த இடத்தில் மஞ்சு தொடங்குகிறது என்று ஒரு மாணவர் குறித்தால் போதும். ஹில்குரோவ், ரன்னிமேடு போன்ற மலை ரயில் நிலையங்களின் பெயர்ப்பலகையிலேயே கடல்மட்ட உயரம் எழுதியிருக்கும். கொடைக்கானல் மாணவர்கள் வத்தலக்குண்டு சாலையில் இதையே செய்யலாம்.

மேகத்தின் அடி 1,500 மீட்டரிலும் விமானம் 1,900 மீட்டரிலும் இருந்தால் வரம்பு 0.8 கிராம். கருவி 1.1 என்று காட்டினால் அது தவறு, வாதத்துக்கே இடமில்லை. கருவி 0.5 என்று காட்டினால் அது சரி என்று இதைக்கொண்டு நிறுவ முடியாது. சரிவை ஒட்டிய மேகத்தின் அடியும் வெளியே மிதக்கும் மேகத்தின் அடியும் எப்போதும் ஒன்றல்ல என்பதால், விமானம் சரிவுக்கு அருகே பறந்த நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 10: துளியின் தடத்தைக் கண்ணால் பாருங்கள்

லேசர் வருமுன் பயன்பட்ட ஒரு முறையைக் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம். சில மில்லிமீட்டர் அகலமே உள்ள கண்ணாடிப் பட்டையை, எரியும் மெக்னீசியம் நாடாவுக்கு மேலே பிடித்தால் வெண்மையான ஆக்சைடு படலம் படியும். சுடரை வெறுங்கண்ணால் நேராகப் பார்க்கக்கூடாது. அப்பட்டையை மஞ்சு கடக்கும் காற்றுக்கு எதிராக ஒரு நொடி காட்டி, உடனே மூடி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், மாவில் மழைத்துளி விழுந்ததுபோல் வட்டக் குழிகள் தெரியும், விளிம்பு மட்டும் சற்று உயர்ந்து. 20 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துளிகளுக்குக் குழியின் விட்டத்தை 0.86-ஆல் பெருக்கினால் துளியின் விட்டம் கிடைக்கும். சிறிய துளிகள் பட்டையைச் சுற்றிச் சென்றுவிடுவதால் எண்ணிக்கைக்கு இது உதவாது. ஆனால், அருகில் இயங்கும் லேசர் கருவி 35 மைக்ரோமீட்டரில் ஒரு முகட்டைக் காட்டும்போது பட்டையில் அந்த அளவுக் குழியே இல்லையென்றால், அந்த முகட்டை நான் ஏற்கமாட்டேன்.

படி 11: எண்ணோடு அதன் பிழையையும் எழுதுங்கள்

எண்ணிக்கையில் 15 சதவீதமும் விட்டத்தில் 10 சதவீதமும் பிழை எஞ்சினால், விட்டத்தால் நீரின் எடைக்கு வரும் பங்கு ஏறத்தாழ 30 சதவீதம். இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்றால், இருமடிகளைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க, சுமார் 34 சதவீதம் வரும். ஒளிச்சிதறல் கருவி ஒன்றை மட்டும் கொண்டு நீரின் எடையைச் சொல்பவர் பெரும்பாலும் இந்த அளவிலேயே நிற்கிறார். படி 8-இல் கம்பியோடு ஒப்பிட்டுத் திருத்தியவர் இதில் பாதிக்கும் கீழே இறங்க முடியும். தற்செயல் பிழையையும் நிலையான பிழையையும் கூட்டாமல் தனித்தனியே தாருங்கள். அறிக்கையில் வரி இவ்வாறு இருக்கட்டும்: கனசென்டிமீட்டருக்கு 310 துளிகள், நிலையான பிழை 15 சதவீதம், ஒரு நொடிச் சராசரியின் தற்செயல் பிழை 1 சதவீதம், மாதிரிப் பரப்பு துளியாக்கியால் அளந்தது, அளந்த நாள் இது, காற்றுவேகம் கருவியருகே உள்ள பிட்டோ குழாயிலிருந்து, சாளரங்கள் துடைத்தது பறத்தலுக்கு 40 நிமிடம் முன்பு.